கோட்டாறு யாருடைய ஊர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் கோட்டாற்றில் வெளியாட்கள் பெருகிவிட்டார்கள், முடுக்குகளில் நடமாட முடியவில்லை, பழைய கோட்டாறு போயே போய்விட்டது என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் பத்திரிகையில் படித்தேன். அவர் சொன்னதில் பாதி நானும் தினமும் பார்ப்பதுதான். குப்பை நாள் கணக்கில் கிடக்கிறது, ஓடை அடைத்து மழைக்குத் தெருவில் ஏறுகிறது, காலையில் இரண்டு லாரி சேர்ந்து வந்துவிட்டால் சவேரியார் கோயில் சந்திப்பு வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன. எல்லாம் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் காரணம் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இங்கே வாடகைக்கு இருக்கிறவர்கள்தான் என்று அவர் முடித்திருந்ததை என்னால் அப்படியே விட முடியவில்லை. நான் கம்போளத்தில், அதாவது கோட்டாறு சந்தையில், மளிகை மொத்தக்கடை நடத்துகிறவன். எங்க பாட்டாவும் அப்பாவும் இருந்த கடை. அந்த உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கோட்டாறு என்று அவர் எதைச் சொல்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு பின்னால் போனாலும் இங்கே வெளியாள் இல்லாத காலம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்கர் எழுதிய நிலவியல் குறிப்பில் கொட்டியாரா என்று இந்த ஊர் வருகிறது, அதாவது கடல் கடந்து வந்த வியாபாரிகளுக்கு அப்போதே இது தெரிந்த இடம். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் குலோத்துங்கன் கோட்டாற்றைப் பிடித்து இங்கே நிலைப்படை வைத்தான். அதற்கு முன்பே மும்முடிச் சோழநல்லூர் என்று சோழர்கள் இதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் படை வீரர்கள் எல்லோரும் தஞ்சாவூருக்குத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சோழராஜா கோயில் இன்றைக்கும் இருக்கிறது, பக்கத்துத் தெருக்காரர்களில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம் சவேரியார். கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார் என்று சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் சொல்கிறோம், டிசம்பர் 3 திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்துகொண்டு போகிறவர்களில் எல்லா வீட்டு ஆட்களும் உண்டு. அந்த சவேரியார் எந்த ஊர்க்காரர்? இப்போது ஸ்பெயினில் இருக்கிற நவார் என்ற நாட்டில் 1506இல் பிறந்தவர். 1542இல் கோவாவில் வந்து இறங்கி, தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் இருந்துவிட்டு 1544இல் இந்தப் பக்கம் வந்தார். தமிழ் சரியாகத் தெரியாது, மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்டுதான் ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். படையெடுத்து வந்த வடுகரை, அதாவது வடக்கேயிருந்து வந்த தெலுங்குப் படையை, அவர் தடுத்து நிறுத்தினார், அதற்காக அப்போது இந்தப் பகுதியை ஆண்ட வேணாட்டரசர் கோயில் கட்ட இடம் கொடுத்தார் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். மொழி தெரியாத ஒரு பரதேசிக்கு இடம் கொடுத்தோம் என்பதை இந்த ஊர் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதே பேராலயத்தில்தான் தேவசகாயம் பிள்ளையின் கல்லறையும் இருக்கிறது. 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். நட்டாலத்தில் பிறந்த நம்முடைய ஆள்தான். அவருக்கு அந்த நம்பிக்கையைச் சொல்லிக் கொடுத்தவர் டிலனாய், 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி. எதிரியாக வந்தவர், பிடிபட்ட பிறகு அதே ராஜாவின் படைக்குத் தளபதியாகி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் மனைவி மகனோடு அடக்கமாகிக் கிடக்கிறார். புலியூர்க்குறிச்சி வழியாகத் தக்கலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கோட்டையைத் தாண்டித்தான் போகிறோம். அந்தத் தக்கலையிலேயே இன்றும் ஊர் கூடி நினைக்கிற பீர் முகம்மது அப்பாவும் தென்காசியிலிருந்து வந்து, தறி நெய்து பிழைத்தவர்தான்.

கோட்டாறு செட்டி என்று ஒரு பிரிவு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருக்கிறது. ஒரு சந்தையின் பெயர் ஒரு சமுதாயத்துக்கு நிலைத்துவிட்டது என்றால் அந்தச் சந்தை எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் பாருங்கள். பக்கத்தில் இடலாக்குடி, 1907இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த இடம். கம்பராமாயணத்தைச் சொற்பொழிவாகப் பொழிந்த முஸ்லிம் புலவர் அவர். இதெல்லாம் நான் சரித்திரம் படித்தவன் என்று காட்டிக்கொள்ள எழுதவில்லை. இந்தத் தெருக்களில் நடந்தால் கண்ணில் படுகிற கல்வெட்டும் கல்லறையும் பெயர்ப்பலகையும்தான் இவை.

எங்கள் குடும்பமும் வந்ததுதான். பாட்டா திருநெல்வேலிப் பக்கமிருந்து மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் ஏற்றிய மாட்டு வண்டியோடு ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வந்தவர். அப்போது கணவாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன், இந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. சுங்கச்சாவடியில் நின்று தீர்வை கட்ட வேண்டும். இங்கே வந்ததும் சக்கரம் என்ற வேறு நாணயம், கச்சேரியில் மலையாளம், தபாலுக்குப் பதில் அஞ்சல் என்று சமஸ்தானத்துக்கே தனி ஏற்பாடு. பாண்டிக்காரன், அதாவது கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பாண்டி நாட்டு ஆள், என்று சொல்லி யாரும் வீடு கொடுக்கவில்லையாம். ஒரு பெரிய மளிகைக்கடைத் திண்ணையில் சாக்கை விரித்துப் படுத்து, விடிகாலையில் அதே கடைக்கு மூடை இறக்கிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு எடுத்து விற்று, பிறகு பாட்டியைக் கூட்டிவந்திருக்கிறார். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு பாண்டிக்காரன் என்ற பேச்சு தானாகவே தேய்ந்துவிட்டது. இன்றைக்கு எங்களை யாரும் வெளியூர்க்காரர்கள் என்று சொல்வதில்லை. கோயில் கொடைக்கு வரி கேட்டு முதலில் வருவதே எங்கள் கடைக்குத்தான்.

இப்போது வருகிறவர்கள் மாட்டு வண்டியில் வரவில்லை, அவ்வளவுதான். 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தபோது ஜங்ஷனைக் கோட்டாற்றில்தான் போட்டார்கள். 2011இல் அசாமிலிருக்கிற திப்ருகர் வரைக்கும் விவேக் எக்ஸ்பிரஸ் விட்டார்கள். நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல், நாட்டிலேயே மிக நீளமான ஓட்டம், மூன்று நாளுக்கு மேல் ஆகும். அசாம், வங்காளம், ஒடிசா, ஆந்திரா, கேரளா என்று சுற்றி நம் ஸ்டேஷனுக்கு வந்து கன்னியாகுமரியில் நிற்கிறது. முன்பதிவில்லாத பெட்டியிலிருந்து அவர்கள் இறங்குவதை ஒரு தடவை நின்று பாருங்கள். ஒரு முதுகுப்பை, ஒரு பக்கெட், பக்கெட்டுக்குள் போர்வையும் ஒரு அலுமினியப் பானையும். கால் வீங்கிப்போய் படியேறவே கஷ்டப்படுவார்கள். அங்கிருந்து கம்போளம் நடக்கிற தூரம்தான்.

என் கடையிலேயே லோடு இறக்குகிறவர்களில் ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்கள் வேலையை அவர்கள் பறித்துவிட்டார்கள் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். சுமட்டுத் தொழிலுக்கு நம் பிள்ளைகள் வருவதில்லை என்பது இந்தக் கம்போளத்தில் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. படித்த பிள்ளை ஐம்பது கிலோ மூடையை முதுகில் வைக்க வேண்டும் என்று எந்த அப்பன் ஆசைப்படுவான்? ஆனால் கூலியைக் குறைக்க இவர்களைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கட்டட வேலையில் நம் ஆளுக்கு ஒரு கூலி, அதே வேலைக்கு வடக்கே இருந்து வந்தவனுக்கு ஒரு கூலி, நடுவில் ஆள் கொண்டுவருகிறவனுக்குக் கமிஷன். நம் தொழிலாளியும் இதில்தான் அடிபடுகிறான். கோபப்பட வேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டு மூன்று நாள் ரயிலில் நின்றுகொண்டு வந்தவனிடம் கோபப்பட்டு என்ன கிடைக்கும்?

அவர்கள் தங்கியிருக்கிற இடங்களை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். என் கடையில் வேலை செய்கிற பையனுக்கு மஞ்சள்காமாலை வந்து இரண்டு நாளாக ஆளைக் காணோம் என்று தேடிப்போனேன். பழைய அரிசிக் கிட்டங்கி (குடோன்) ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்து அறை அறையாக விட்டிருக்கிறார்கள். ஓடு பல இடத்தில் உடைந்து, பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. ஒரு அறைக்குள் பாய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன, பகல் வேலைக்குப் போனவன் எழுந்த பாயில் இரவு வேலை முடித்தவன் படுக்கிறான். மூலையில் சின்ன சிலிண்டர் அடுப்பு, பக்கத்தில் கடுகெண்ணெய் பாட்டில், சுவரில் ஜெகந்நாதர் படம். கிட்டங்கி முழுமைக்கும் ஒரே ஒரு கக்கூஸ். அதற்கு முன்னால் விடியுமுன்னே வரிசை. தண்ணீர் பின்பக்கக் கிணற்றிலிருந்து, அந்தக் கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையில் நாலு எட்டு வைத்தால் போதும். காமாலை ஏன் வராது? வாடகை அறைக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் கம்போளம் மெயின் ரோட்டில் கடை வாடகைக்கே பக்கத்தில் வருகிறது. வீட்டுக்காரர் யார் என்று நான் எழுதப் போவதில்லை, அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஓடையில் அசுத்தம் ஓடுகிறது என்று புகார் சொல்கிற நாம், அந்த அசுத்தம் எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது, அந்தக் கட்டடத்தின் வாடகை யார் கைக்குப் போகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

அந்த அறையில் நின்றபோது எனக்குத் தம்மாம் ஞாபகம் வந்தது. கடை நொடித்திருந்த காலத்தில் நானும் சவுதிக்குப் போய் இருந்தவன். அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி, பாஸ்போர்ட் கஃபீல் என்கிற பொறுப்பு முதலாளி கையில், இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை சட்டைப்பையில் இல்லாமல் ரோட்டுக்குப் போக பயம். இந்த மாவட்டத்தில் கடற்கரை ஊர்களானாலும் சரி, இடலாக்குடி ஆனாலும் சரி, மார்த்தாண்டம் பக்கம் ஆனாலும் சரி, ஒரு ஆளாவது வளைகுடாவில் இல்லாத குடும்பம் அபூர்வம். நாம் கட்டியிருக்கிற மாடி வீடுகள் அந்த அடுக்குக் கட்டிலில் படுத்துச் சம்பாதித்தவை. ஹிந்தி, அதாவது இந்தியாக்காரன், என்று நம்மை ஒட்டுமொத்தமாகச் சேர்த்துச் சொல்லி ஏசுகிற முதலாளியையும் பார்த்திருக்கிறோம், நோன்பு திறக்கிற நேரத்தில் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டவரையும் பார்த்திருக்கிறோம். இதை அனுபவித்தவர்கள் கோட்டாற்றில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களே இன்றைக்கு இந்தப் பையன்களுக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். திருட்டோ அடிதடியோ நடந்தால், செய்தவன் இங்கத்தவன் என்றால் ‘வாலிபர் கைது’ என்று போடுகிறீர்கள். வடக்கே இருந்து வந்தவன் என்றால் ‘வடமாநில வாலிபர் கைது’. அதே வடமாநிலத்துக்காரன் கட்டடத்தில் சாரம் சரிந்து இறந்தால் உள்பக்கத்தில் நாலு வரி, பல நேரம் பெயர்கூட இருப்பதில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், வதந்தி என்று நீங்களே எழுதினீர்கள். அப்போது என் கடைப் பையன்களின் வீட்டிலிருந்து ராத்திரி முழுக்க போன். அம்மாக்கள் அழுகிறார்கள், இவன்கள் வீடியோ கால் போட்டுக் கடையைக் காட்டி, என்னைக் காட்டி, ஒன்றும் இல்லை என்று சொல்கிறான்கள். ஒரு பையனின் அம்மா என்னிடம் ஏதோ சொன்னார், மொழி புரியவில்லை, கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். இரண்டு பேர் அப்படியும் பயந்து ஊருக்குப் போய்விட்டார்கள். தலைப்பில் வைக்கிற ஒரு சொல் இந்த முடுக்குக்குள் வந்து என்ன செய்கிறது என்று நீங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைக்கு இருக்கிறவர்களின் ஆதார் நகலை போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கட்டும், தவறில்லை. ஆனால் இவர்கள் பெயர் எழுதப்படுகிற ஒரே புத்தகம் போலீஸ் ஸ்டேஷன் புத்தகமாக இருக்கக் கூடாது. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் இருக்கிறது. ஒடிசாவில் வாங்கிய கார்டுக்கு உண்டான தானியத்தை, கைரேகை வைத்து நம் கடையிலேயே வாங்கலாம். என் கடைப் பையன்களுக்கு இது தெரியவில்லை, தெரிந்து போனபோது ‘அடுத்த வாரம் வா’ என்று அனுப்பிவிட்டார்கள். நான் கூடப் போய்க் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கூடப் போக ஒரு முதலாளி இருப்பானா? வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979இலேயே தனிச் சட்டம் வந்தது. தங்க இடம், மருத்துவம், ஊருக்குப் போய்வரப் பயணப்படி எல்லாம் ஆள் கொண்டுவருகிற ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று அதில் இருந்தது. இப்போது அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, பயணப்படி அதிலும் இருக்கிறது. கோட்டாற்றில் யாராவது ஒருவன் அந்தப் படியை வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது, வரியும் ஏறிவிட்டது. தலைக்கு வாடகை வாங்குகிற கட்டடங்களைச் சுகாதாரப் பிரிவு வந்து பார்த்து, இத்தனை பேருக்கு இத்தனை கக்கூஸ், கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று சோதித்து, இல்லையென்றால் கட்டட உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கட்டும். அங்கே இருக்கிறவர்களைக் காலி செய்யச் சொல்லி அல்ல, வசதி செய்து கொடுக்கச் சொல்லி.

கடைசியாக ஒரு குழந்தையைப் பற்றி. எங்கள் கடைக்குப் பின் முடுக்கில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அப்பா காலையில் கம்போளத்தில் லோடு, அப்புறம் கிடைத்த வேலை. அம்மா ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். ஏழு வயதுப் பெண் குழந்தை. வந்தபோது வாயே திறக்காது. இப்போது பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, “மாமா, பல்லாரி அரைக் கிலோ போடுங்க, அழுவுனது போட்ராதிய” என்று நம் தெருப்பிள்ளை மாதிரியே சொல்கிறது. எதிர்க்கடை பெயர்ப்பலகையில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறது, யார் சொல்லிக் கொடுத்தது என்றால் தெருவில் விளையாடுகிற அக்காக்கள். இந்தப் பிள்ளையை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்களாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. சேர்க்கை நாள் முடிந்த பிறகு வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்துவது என் நோக்கம் இல்லை. பிள்ளை படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டாறு, இடலாக்குடிப் பக்கத்துத் தலைமையாசிரியர் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். உங்கள் அலுவலகத்தில் என் விலாசம் இருக்கிறது. காலை பத்து மணி வரைக்கும் பிள்ளையின் அப்பா கம்போளத்தில் லோடில் இருப்பார், பத்தரைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நானே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மளிகை வியாபாரி ஒருவர்,
கம்போளம், கோட்டாறு,
நாகர்கோவில்.